காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம்... மனநல மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம், 2016-ம் ஆண்டு. 18 வயது ஆலிவர் மெக்கோவன் வலிப்பு காரணமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலின் மிச்சமாக அவருக்கு வலிப்பு நோயும், லேசான பெருமூளை வாதமும் இருந்தன. ஆட்டிசமும் உண்டு. ஆனாலும் ஓட்டம், கால்பந்து என்று துடிப்பாக இருந்த பையன்.

புது இடம், தெரியாத முகங்கள், அடுத்தடுத்து வலிப்பு. ஆலிவர் பதற்றமானார். அவரை அமைதிப்படுத்த ஓலான்சபைன் என்ற ஆன்டிசைக்கோட்டிக் மருந்தைக் கொடுக்க மருத்துவர்கள் முடிவு செய்தனர். இந்த வகை மருந்துகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆலிவரும் வேண்டாம் என்றார், பெற்றோரும் வேண்டாம் என்றார்கள். மருந்து கொடுக்கப்பட்டது.

அதன்பிறகு கடுமையான காய்ச்சல். மூளையில் வீக்கம். 2016 நவம்பர் 11-ம் தேதி ஆலிவர் இறந்துபோனார். அவர் உடலில் நடந்ததற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம். சுருக்கமாக என்.எம்.எஸ்.

2018-ல் நடந்த மரண விசாரணையில், மருந்து கொடுத்தது சரியான முடிவுதான் என்று சொல்லப்பட்டது. குடும்பம் விடவில்லை. 2020-ல் வெளியான தனி ஆய்வு அறிக்கை, இது தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்றது. ஆலிவரின் தாய் பாலா மெக்கோவன் தொடர்ந்து போராடியதன் விளைவாக, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்களைக் கையாள்வது பற்றி சுகாதாரத் துறை ஊழியர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2022-ல் இங்கிலாந்தில் சட்டமானது. அதற்காக உருவாக்கப்பட்ட பயிற்சிக்கு ஆலிவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எங்கேயோ இங்கிலாந்தில் நடந்தது நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. அதே ஓலான்சபைனும் அதன் வகை மாத்திரைகளும் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை ஓபி முதல் தனியார் கிளினிக் வரை எல்லா இடத்திலும் எழுதப்படுகின்றன. அவற்றைச் சாப்பிடும் வளரிளம் பருவத்தினர் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இதைப் படித்துவிட்டு, பயந்துபோய் பிள்ளையின் மாத்திரையை இன்று இரவே நிறுத்திவிடக் கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

இந்த மாத்திரைகள் எதற்கு?

மனச்சிதைவு நோய், அதாவது யாருமே பேசாதபோது குரல் கேட்பது, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புவது போன்ற அறிகுறிகள் பலருக்கும் 15 வயதுக்கு மேல், இருபதுகளுக்குள் தலைகாட்டும். பிளஸ் டூ, கல்லூரி முதல் வருடம் என்று வாழ்க்கை வேகமெடுக்கும் நேரம். பைபோலார் எனப்படும் மனநிலை ஏற்ற இறக்க நோயும் இந்த வயதில் தொடங்கலாம். இவற்றுக்கான அடிப்படை சிகிச்சை ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகள்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கட்டுக்கடங்காத எரிச்சலுக்கும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோன் தரப்படுகிறது. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் அனுமதி கொடுத்தது.

இந்த வகையின் முதல் மருந்து குளோர்புரோமசின். 1952-ல் பாரிஸில் ஜான் டிலே, பியர் டெனிகர் ஆகிய மனநல மருத்துவர்கள் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதற்கு முன்பு வரை மனநல மருத்துவமனைக்குள் போனவர்களில் பலர் வெளியே வராமலே காலம் கழித்தார்கள். அந்த நிலையை மாற்றியது இந்த மாத்திரைதான். 1958-ல் பெல்ஜியத்தில் பால் யான்சென் ஹாலோபெரிடாலை உருவாக்கினார். இரண்டே வருடங்களில், 1960-ல், ஹாலோபெரிடால் கொடுத்த சிலருக்கு ஏற்பட்ட விபரீதமான எதிர்வினையை டிலேவின் குழுவே பதிவு செய்தது. அதுதான் இன்றைய என்.எம்.எஸ். மருந்தின் பலனைக் காட்டியவர்களே அதன் ஆபத்தையும் எழுதி வைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூளையில் டோபமைன் என்றொரு ரசாயனம் இருக்கிறது. குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றில் ஒரு பகுதியில் டோபமைனின் வேலை அளவு மீறிப்போகிறது. மாத்திரை அதைத் தடுக்கிறது. பிரச்னை என்னவென்றால், அந்த ஒரு பகுதியை மட்டும் தேடிப்போய்த் தடுக்க மாத்திரைக்குத் தெரியாது. தசைகளின் அசைவைச் சீராக்குவதும் டோபமைன்தான். உடல் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியிலும் அதற்குப் பங்கு உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு இது கை நடுக்கம், நடையில் மந்தம் என்ற அளவோடு போய்விடும். மிக மிகச் சிலருக்கு மட்டும் இந்த இரண்டு இடங்களும் ஒன்றாக நிலைகுலைகின்றன. தசைகள் இறுகிக்கொண்டே போகும். இறுகிய தசை வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்றச் சொல்ல வேண்டிய மூளைப் பகுதியோ சரியாக வேலை செய்யாது. அதனால்தான் இந்தக் காய்ச்சலுக்கு பாரசிட்டமால் பெரிதாகப் பலன் தருவதில்லை. கிருமி எதுவும் இல்லாமலே வரும் காய்ச்சல் இது.

இறுகிய தசைகள் சிதையத் தொடங்கினால், அதிலிருந்து வெளியாகும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கோலா நிறத்துக்கு மாறும். சிறுநீரகம் செயலிழப்பது இந்தப் பாதையில்தான்.

எத்தனை பேருக்கு வரும்? அண்மைக்கால மதிப்பீடுகளின்படி, இந்த மருந்துகளை எடுக்கும் 10,000 பேரில் ஒன்று அல்லது இரண்டு பேர். ஒரு காலத்தில் இது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்துபோனார்கள். சீக்கிரம் கண்டுபிடிப்பதும் தீவிர சிகிச்சைப் பிரிவு வசதியும் வந்த பிறகு அந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறது. கவனிக்கவும், 'சீக்கிரம் கண்டுபிடித்தால்' என்பதுதான் இங்கே நிபந்தனை.

எப்போது உஷாராக வேண்டும்?

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரங்கள் முக்கியமானவை. டோஸ் கூட்டிய பிறகும், ஊசி போட்ட பிறகும் அப்படித்தான். அரிதாக, பல மாதம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டவர்களுக்கும் வரலாம்.

பலருக்கு முதலில் மாறுவது மனநிலை. நேற்று வரை கேட்டதற்குப் பதில் சொன்ன பிள்ளை இன்று குழம்பிப்போய் இருக்கும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, அல்லது பேச்சே நின்றுவிடும். அடுத்து உடல் விறைக்கும். கையை மடக்கிப் பார்த்தால் ஈயக்குழாயை வளைப்பது போல ஒரே சீராக எதிர்க்கும் என்று மருத்துவ நூல்கள் வர்ணிக்கின்றன. பிறகு காய்ச்சல். சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, படபடவென்று அடிக்கும் இதயம், ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்கும் ரத்த அழுத்தம். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். எல்லாம் ஒரே நாளில் வர வேண்டும் என்றில்லை, இரண்டு மூன்று நாட்களில் ஒவ்வொன்றாகச் சேரும். புதிய வகை மருந்துகளில், குறிப்பாக குளோசபைனில், விறைப்பு அவ்வளவாகத் தெரியாமலும் வரலாம்.

இங்கேதான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளை குழம்பிப் பேசினால் வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? "பழையபடி ஆரம்பிச்சிடுச்சு" என்றுதான். சில நேரம் மருத்துவர்களும் அப்படி நினைத்து, இன்னொரு ஊசி போட்டுவிடக்கூடும். நோய் முற்றியது போலத் தெரிவது உண்மையில் மருந்தின் எதிர்வினையாக இருந்தால், அந்த ஊசி எரிகிற தீயில் எண்ணெய். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது தெர்மாமீட்டர்தான். மனச்சிதைவு நோய் தானாகக் காய்ச்சலைக் கொண்டுவருவதில்லை. இந்த மாத்திரை எடுக்கும் பிள்ளை திடீரென்று குழம்பினால் முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், கை கால்களை மடக்கிப் பாருங்கள்.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. உடலில் நீர்ச்சத்து குறைந்தவர்கள், சாப்பிடாமல் கிடப்பவர்கள், டோஸை வேகமாகக் கூட்டியவர்கள், அடுத்தடுத்து ஊசி போடப்பட்டவர்கள், மூளை தொடர்பான பாதிப்பு ஏற்கெனவே உள்ளவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு ஒருமுறை இந்த வகை மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள். ஆலிவரின் பெயர் இந்தப் பட்டியலில் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்.

நம் ஊர் கத்திரி வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மருந்துகளும், கை நடுக்கத்துக்காகக் கூடவே தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையும் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கக்கூடியவை. மே மாதத்தில் மொட்டை வெயிலில் கிரிக்கெட் ஆடும் பையனுக்கு வெப்பத் தாக்குதல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. தண்ணீர் பாட்டிலோடு அனுப்புங்கள், உச்சி வெயிலைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

டெங்குவா, மூளைக்காய்ச்சலா, மாத்திரையா?

மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை அவசரப் பிரிவுக்கு வந்தால் அங்குள்ள மருத்துவருக்கு முதலில் டெங்கு ஞாபகம் வரும். குழம்பிப் பேசினால் மூளைக்காய்ச்சல். வீட்டுப் பெரியவர்கள் "ஜன்னி கண்டிருச்சு" என்பார்கள். இவை எல்லாமே நியாயமான சந்தேகங்கள்தான், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை மனநல மாத்திரை சாப்பிடுகிறது என்ற ஒரே ஒரு தகவல் அந்த மருத்துவருக்குக் கிடைத்தால், அவர் கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார். சி.பி.கே. என்று லேப் ரிப்போர்ட்டில் வரும். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி அது. சாதாரணமாக நூற்றுக் கணக்கில் இருக்கும், என்.எம்.எஸ்.ஸில் ஆயிரத்தைத் தாண்டிப் போகும், பல ஆயிரங்களையும் தொடும். டெங்குவில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும். இதில் கூடுவதுதான் வழக்கம்.

அந்த ஒரு தகவலைத்தான் நாம் சொல்வதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண் பிள்ளையாக இருந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். பையனாக இருந்தால் காலேஜில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். கூட வந்த மாமாவுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ விஷயம் தெரியாது. அவர்கள் முன்னிலையில் டூட்டி டாக்டர் "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று கேட்டால், அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு "இல்ல சார்" என்று சொல்லிவிடுகிறார். சில வீடுகளில் ஸ்ட்ரிப்பில் உள்ள பெயரைக் கிழித்துவிட்டு மாத்திரையை டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். பிள்ளைக்கே அது 'சத்து மாத்திரை' அல்லது 'தூக்க மாத்திரை' என்றுதான் தெரியும்.

ஆலிவர் விஷயத்தில் குடும்பம் சொன்னது, மருத்துவமனை கேட்கவில்லை. இங்கே பல நேரம் மருத்துவமனை கேட்கிறது, குடும்பம் சொல்வதில்லை. இரண்டிலும் பிள்ளையின் உடலுக்கு நேர்வது ஒன்றுதான்.

கூட்டத்தின் நடுவே சொல்ல முடியவில்லையா, மருத்துவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள், போதும். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதல் வேலை, அந்த மருந்தை நிறுத்துவது. பிறகு ஐ.சி.யூ. நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றுவார்கள், உடலை வெளியிலிருந்து குளிர்விப்பார்கள், சிறுநீரகத்தையும் இதயத்தையும் கண்காணிப்பார்கள். லோரசெபாம், டோபமைனைத் தூண்டும் புரோமோகிரிப்டின், தசையைத் தளர்த்தும் டான்ட்ரோலீன் போன்றவை தேவைக்கேற்பக் கொடுக்கப்படும். மாத்திரையால் வந்ததாக இருந்தால், நிறுத்திய பிறகு ஒரு வாரம் பத்து நாட்களில் பெரும்பாலும் தெளிந்துவிடும். மாதம் ஒருமுறை போடும் டிப்போ ஊசி என்றால் மருந்து உடலில் தங்கிக்கொண்டே இருக்கும், குணமாக இன்னும் நாளாகும். அதனால்தான் புதிதாகச் சிகிச்சை தொடங்குபவர்களுக்கு முதலில் மாத்திரையில் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிப்போ ஊசிக்குப் போக வேண்டும்.

பிழைத்து வந்த பிள்ளைக்கு மறுபடி மனநோய் சிகிச்சை வேண்டாமா? வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விட்டு, வேறு ஒரு மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்குவது வழக்கம். மறுபடி வராமல் சமாளிப்பவர்கள்தான் அதிகம்.

கழுத்து இழுத்துக்கொண்டால்... பேய் அல்ல!

என்.எம்.எஸ்.ஸை விட அடிக்கடி வருவது, பார்ப்பவர்களை அதைவிட அதிகமாகப் பயமுறுத்துவது இன்னொன்று. அக்யூட் டிஸ்டோனியா. மாத்திரையோ ஊசியோ தொடங்கிய முதல் நான்கைந்து நாட்களுக்குள் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண்கள் மேலே சொருகி அப்படியே நிற்கும். தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும், முதுகு வில் போல வளையும். பிள்ளைக்கு நினைவு முழுசாக இருக்கும், வலி தெரியும், பேச வராது. இளம் வயது ஆண் பிள்ளைகளுக்கு, அதிலும் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில், இது வர வாய்ப்பு அதிகம்.

"கண்ணு மேல சொருகிடுச்சு, கழுத்து இழுத்துக்கிச்சு" என்றால் நம் ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரைக்கு முன்பே 'காத்து கருப்பு' என்று சந்தேகித்த குடும்பத்துக்கு அது உறுதியே ஆகிவிடும். வேப்பிலையும் திருநீறும் வரும். மருந்தின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

உண்மையில் இதற்குத் தீர்வு ஒரு ஊசி. புரோமெத்தசின் போன்ற ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது எந்த விதத்திலும் உதவாது (வலிப்புக்கும் உதவாது என்பது வேறு விஷயம்). ஒரே ஒரு நிலை மட்டும் உயிருக்கு ஆபத்து: குரல்வளைத் தசைகள் இறுகி மூச்சுவிடும்போது சத்தம் வந்தால், மூச்சுத் திணறினால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு தகவல். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைட் மாத்திரையும் ஊசியும்கூட டோபமைனைத்தான் தடுக்கின்றன. ஆமாம், சாதாரண வாந்தி மாத்திரைதான். மனநல மருந்தே சாப்பிடாத பிள்ளைக்கு வாந்தி ஊசி போட்ட பிறகு கழுத்து இழுத்துக்கொள்வது இதனால்தான். ஏற்கெனவே ஆன்டிசைக்கோட்டிக் எடுக்கும் பிள்ளைக்கு வாந்தி வந்தால், மெடிக்கல் ஷாப்பில் நேராக மாத்திரை கேட்டு வாங்குவதைத் தவிர்க்கவும்.

தொண்டை வலியைக்கூட விடக்கூடாத மருந்து

குளோசபைனின் கதை தனி. 1975-ல் பின்லாந்தில் இந்த மருந்து எடுத்த சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் திடீரென்று வற்றிப்போயின. 8 பேர் தொற்று தாக்கி இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஓரங்கட்டப்பட்டது. ஆனால் வேறு எந்த மாத்திரைக்கும் மசியாத மனச்சிதைவு நோய்க்கு இது வேலை செய்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேன் தலைமையிலான ஆய்வு 1988-ல் காட்டியது. அடுத்த ஆண்டே, கட்டாய ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நிபந்தனைத் திட்டத்தை 2025-ல்தான் அங்கே விலக்கிக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனை செய்யும்படியான அறிவுரை மட்டும் அப்படியே இருக்கிறது.

வெள்ளை அணு வற்றும் இந்த ஆபத்து வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, அதிலும் முதல் 18 வாரங்களில்தான் அதிகம். அந்தக் காலத்தில் வாரம் ஒரு முறை ரத்தம் எடுக்கச் சொன்னால், "போன வாரம்தானே எடுத்தோம்" என்று விட்டுவிடக் கூடாது. பிள்ளைக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத படபடப்பு வந்தால் இதயத் தசை வீக்கமாக இருக்கலாம். சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் மலச்சிக்கலும் குளோசபைனில் குடலையே முடக்கிவிடும் அளவுக்குப் போகக்கூடும். மூன்று நாளாகப் போகவில்லை என்று பிள்ளை சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல் எடை கூடுவது அரிதான விளைவு இல்லை, அதனால் இங்கே சுருக்கமாக. 2009-ல் அமெரிக்காவில் 4 முதல் 19 வயது வரையிலான 272 பேரிடம் நடந்த ஆய்வில், முதன்முறையாக ஓலான்சபைன் எடுத்தவர்களின் எடை சுமார் 11 வாரங்களில் சராசரியாக 8.5 கிலோ கூடியிருந்தது. ரிஸ்பெரிடோனில் 5.3 கிலோ. எடை, சர்க்கரை, கொழுப்பு அளவுகளை மாத்திரை தொடங்கும் முன்பும் பிறகும் பார்க்கச் சொல்வது இதனால்தான். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மயக்கம் என்று வந்தால் சர்க்கரையை உடனே பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. 10,000 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் ஆபத்துக்குப் பயந்து நிறுத்தினால், நோய் திரும்பும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரியது. மனச்சிதைவு நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படிப்பு ஒரு வருடம் போகிறது, தற்கொலை ஆபத்து கூடுகிறது, பழைய டோஸ் பலன் தராமலும் போகலாம். குளோசபைனைப் பட்டென்று நிறுத்தினால் அறிகுறிகள் முன்பைவிட வேகமாகத் திரும்பும். கை நடுக்கம், தூக்கம், எடை போன்ற தொந்தரவுகளுக்கு டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். அதை எழுதிய மருத்துவரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

காய்ச்சல், விறைப்பு, குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் மட்டும் கணக்கு வேறு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், ஐ.சி.யூ. வசதியுள்ள பொது மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். வழியில் மனநல மருத்துவருக்கு போன் செய்யலாம், ஆனால் அவர் எடுக்கும் வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். சாதாரண சளிக் காய்ச்சலும் பிள்ளைக்கு வரத்தான் செய்யும். உடல் தளர்வாக இருந்து, பேச்சு தெளிவாக இருந்தால் பதற வேண்டியதில்லை. குளோசபைன் எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

பெற்றோர் செய்யக்கூடிய எளிமையான ஏற்பாடு ஒன்று உண்டு. மாத்திரை ஸ்ட்ரிப்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயர்தான் முக்கியம். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது டோஸ் மாறியது என்பதையும் குறித்து வையுங்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், ஓபி நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளை ஹாஸ்டலில் இருந்தால் வார்டனுக்கு இல்லாவிட்டாலும், நம்பகமான ஒரு நண்பருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. மனநல பராமரிப்புச் சட்டம் 2017-ன் 22-வது பிரிவின்படி, கொடுக்கப்படும் சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்க விளைவுகள் என்ன என்பதைப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளலாம். 25-வது பிரிவு மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கேட்கலாம். "டாக்டர்கிட்ட இதெல்லாம் கேட்டா கோபப்படுவாரு" என்று தயங்க வேண்டாம்.

மாத்திரை பற்றிய சந்தேகம், நிறுத்தலாமா என்ற குழப்பம், பிள்ளையின் மனநிலை பற்றிய கவலை எதுவானாலும் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. அவசரம் என்றால் 108. எந்த மருந்தின் பக்க விளைவாக இருந்தாலும் 1800-180-3024 என்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண்ணில் பொதுமக்களே நேரடியாகப் புகார் பதியலாம். அதற்கான படிவம் தமிழிலும் கிடைக்கிறது.